மறு: டீடூப்ளிகேஷன் – 'நகல்நீக்கம்' வேண்டாம், 'கூட்டுத்துண்டு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

காப்பு மென்பொருள்களின் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை நெருக்கடியில் பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. 'பேக்கப்'புக்குக் 'காப்பு' என்று முடிவானதில் மகிழ்ச்சி. 'ரெஸ்டோர்' என்பதற்கு 'மீட்பு' போதும், 'மீட்டமை' வேண்டாம். 'ரீசெட்'டுக்கும் அதே சொல்லைப் பல இடங்களில் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்று போனதைத் திருப்பிக் கொடுக்கும், இன்னொன்று இருப்பதையும் துடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பொத்தான் பெயர் என்றால் ஆபத்து.

நான் பேச வந்தது 'டீடூப்ளிகேஷன்' பற்றி. ஒரே தரவு பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்தும் உத்தி அது.

> 'நகல்நீக்கம்' ஏற்கெனவே புழங்குகிறது. கேட்டவுடன் புரிகிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்தேன். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மூன்று மென்பொருள்கள் காப்பு எடுக்கின்றன. மெய்நிகர் இயந்திரங்களுக்கு (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்) வீம், பழைய லினக்ஸ் கோப்பு சர்வருக்குக் காந்த நாடாவோடு பாக்குலா, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைத் தினமும் இறக்கி வைக்க ரெஸ்டிக். மூன்றையும் ஒன்றாக்கி, காலையில் ஒரே பக்கத்தில் தமிழில் அறிக்கை வரும்படி செய்தேன். ரெஸ்டிக் தன் விவரத்தை நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் கொடுத்துவிடும். பாக்குலாவின் பதிவேடு ஒரு தரவுத்தளத்தில் இருப்பதால் நேரே வினவலாம். வீமுக்குப் பவர்ஷெல் கட்டளைகள் உண்டு. சேர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் சொல்லில்தான் வந்தது.

முதல் நாள் அறிக்கையில் ஒரு வரி, 'நகல்நீக்கம்: 83%'. காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். "இன்னா சார், ராத்திரி நகலெல்லாம் நீக்கிட்டீங்களா? 83 பர்சன்ட்னு போட்டிருக்குது. மீதி 17தான் இருக்குதா?" நான் காட்பாடியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவர் கணக்குக் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, முந்தானை முனையில் முடிந்துவைத்திருந்தார். இருபது வருடமாக அந்த நிறுவனத்தின் கணக்கைக் காப்பவர். அவர் செய்ததில் எனக்குத் தவறே தெரியவில்லை. காப்பு என்றால் நகல், நகலை நீக்கினோம் என்று அறிக்கை சொல்கிறது. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

உண்மையில் அங்கே எதுவும் நீங்கவில்லை. கோப்பு துண்டு துண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் விரல்ரேகை போல ஓர் எண் கணக்கிடப்படுகிறது. ரெஸ்டிக்கில் அதற்கு ஷா-256 என்ற கணக்கீட்டு முறை. அதே எண் கொண்ட துண்டு, காப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தில் முன்பே இருந்தால் மறுபடி எழுதாமல், 'அங்கே இருக்கிறது' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. திங்கள்கிழமைக் காப்பும் செவ்வாய்க்கிழமைக் காப்பும் தனித்தனியே முழுமையாகத்தான் இருக்கின்றன. அடியில் கிடக்கும் துண்டுதான் இரண்டுக்கும் பொது.

> அப்படியென்றால் 'ஒற்றைச்சேமிப்பு' சரியாக இருக்குமே?

நல்ல சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாமே எல்லோரிடமும் மூன்று-இரண்டு-ஒன்று விதியைச் சொல்கிறோம். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். அதைக் கேட்டவர் காதில் 'ஒற்றைச்சேமிப்பு' விழுந்தால் 'ஒரே ஒரு படிதான் வைத்திருக்கிறார்கள்' என்றுதான் தோன்றும். அக்கா மறுபடி பென் டிரைவைத் தேடுவார்.

பிறகுதான் எங்கள் வீட்டுப் பத்திரம் நினைவுக்கு வந்தது. தாத்தா காலத்தது. 'வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா' என்று தொடங்கும். நாலு எல்லை சொல்லி முடித்த பிறகு, 'மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம்' என்று ஒரு வரி வரும். நான்கு குடும்பம், ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். ஒருவர் தன் பங்கை விற்றால் கிணற்றில் ஒரு கல்லும் அசையாது, பங்குக்காரர் பெயர்தான் மாறும். கடைசிப் பங்கும் விடுபட்டால்தான் தூர்ப்பதைப் பற்றிப் பேச்சே வரும். 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. பத்திரத்தின் தலைப்பில் மாவட்டப் பெயர் மாறிக்கொண்டே போனது, கிணறு அதே இடத்தில் இருக்கிறது.

டீடூப்ளிகேஷன் அச்சாக இதுதான். ஒரு துண்டு, பல காப்புகளுக்குப் பாத்தியம். பழைய காப்பை நீக்கினால் அதன் பங்குதான் போகும், துண்டு போகாது. ரெஸ்டிக்கில் 'ஃபர்கெட்', 'ப்ரூன்' என்று இரண்டு கட்டளைகள் ஏன் தனித்தனியே இருக்கின்றன என்று புதியவர்கள் குழம்புவார்கள். முதலாவது பங்கை விடுவது. இரண்டாவது, பங்குக்காரர் யாரும் இல்லாத துண்டுகளைத் தேடித் தூர்ப்பது. இப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: பலருக்குப் பொதுவான துண்டு 'கூட்டுத்துண்டு', ஒரே காப்புக்கு மட்டும் உரியது 'தனித்துண்டு'. செயலுக்குக் 'கூட்டுத்துண்டாக்கம்'. கூட்டுப்பட்டா, தனிப்பட்டா என்று தாலுகா ஆபீஸில் தினமும் காதில் விழும் சொற்களின் வழியே வருவதால் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 'பங்குத்துண்டு' என்றும் யோசித்தேன், பங்குச்சந்தை வந்து நிற்கிறது. 'பொதுத்துண்டு' இன்னும் மோசம், இணையத்தில் 'பொது' என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்று பொருளாகிவிட்டது. 'துண்டுப்பகிர்வு' என்றாலும் அதே பயம், சம்பளக் கணக்கை யாருக்குப் பகிர்ந்தீர்கள் என்று கேட்பார்கள்.

இன்னொரு நன்மை, இதிலிருந்து கிளைச்சொற்கள் இயல்பாக வருகின்றன. மென்பொருள்களை ஒப்பிடும்போது இது முக்கியம். வீம் வட்டை நிலையான அளவில் வெட்டுகிறது, இயல்பாக 1 எம்பி. ரெஸ்டிக் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டும் இடத்தைத் தீர்மானிக்கிறது. துண்டு 512 கேபி முதல் 8 எம்பி வரை இருக்கலாம், சராசரியாக 1 எம்பி. கரும்பை முழம் போட்டு வெட்டுவதற்கும் கணுவில் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. அடியில் நாலு விரல் கரும்பு கூடுதலாகச் சேர்ந்தால் முழக்கணக்குத் துண்டுகள் எல்லாமே தள்ளிப்போகும், ஒன்றுகூடப் பழையதோடு பொருந்தாது. கணுவில் வெட்டினால் அடித்துண்டு மட்டும் மாறும், மேலே எல்லாம் பழையபடி. போஸ்ட்கிரஸ் இறக்கத்தைச் சுருக்காமல் ரெஸ்டிக்குக் கொடுத்தால் தினமும் மிகச் சில தனித்துண்டுகளே சேர்வதற்கு இதுதான் காரணம். ஜிசிப்பால் சுருக்கிக் கொடுத்தால் ஒரு பைட் மாறினாலும் அதன் பின்னால் எல்லாம் மாறிவிடும், அதற்குமேல் கூட்டுத்துண்டு கிடைப்பது அரிது. முழத்துண்டு, கணுத்துண்டு என்று இவற்றைச் சொல்லலாமா? எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் நெல் மட்டும் விளையும் ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

பாக்குலாவின் இலவசப் பதிப்பில் 'பேஸ் ஜாப்' என்று ஒன்று உண்டு. அது துண்டாக்காமல் முழுக் கோப்பையே ஒப்பிடும். நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, நாடாவில் எழுதுகிறோம். அறிக்கையில் அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது'. வீம், ரெஸ்டிக் இரண்டின் விழுக்காட்டையும் வரிசையாகப் போட்டு 'எது சிறந்தது' என்று காட்டியது என் தவறு. முழத்தில் வெட்டியதையும் கணுவில் வெட்டியதையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன்.

அப்புறம் 'ஸ்னாப்ஷாட்', அதாவது ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு. ரெஸ்டிக் தன் காப்பையே அப்படி அழைக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட் காப்பே அல்ல, மூல வட்டு போனால் அதுவும் போகும். வீம் 'ரெஸ்டோர் பாயிண்ட்' என்கிறது, போர்க் என்ற இன்னொரு காப்பு மென்பொருள் 'ஆர்க்கைவ்' என்கிறது, பாக்குலா 'ஜாப்' என்று முடித்துவிடுகிறது. ஒருங்கிணைந்த அறிக்கையில் எல்லாவற்றுக்கும் 'மீட்புப்புள்ளி' என்று போட்டுவிட்டேன். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

> ஆபீஸில் யாரும் தமிழில் பேசப் போவதில்லை. 'டீடூப்' என்றே எழுதிவிட்டால் என்ன?

சர்வர் அறைக்குள் நானும் 'டீடூப்' என்றுதான் சொல்கிறேன். ஆனால் அறிக்கையைப் படிப்பவர் வேறு ஆள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் தன் தரவுத்தளத்தை இழந்ததை நினைத்துப் பாருங்கள். தினசரி இறக்கம், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போய்ச் சேரவேயில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. சோதனைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது, அதிலும் சுமார் ஆறு மணிநேரத் தரவு போயிற்று. நடந்ததையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அறிக்கையைப் படித்துப் பதறிப் போன் செய்ய ஓர் அக்கா இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அவருக்குப் புரியாத சொல்லை எழுதி அந்தக் கண்ணை நான் மூடமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை புதிய பக்கத்தை அவரிடம் காட்டினேன். 'மீட்புப்புள்ளிகள்: 31. கூட்டுத்துண்டுகளால் மிச்சமான இடம்: 412 ஜிபி. இன்று சேர்ந்த தனித்துண்டுகள்: 1.9 ஜிபி.' நான் ஒன்றும் விளக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"கூட்டுன்னா, நம்ம கூட்டுப்பட்டா மாதிரியா சார்?"

"அதேதான் அக்கா."

"அப்போ தனித்துண்டு கெட்டா ஒரு நாள் கணக்கு போவும். கூட்டுத்துண்டு ஒண்ணு கெட்டுப்போனா 31 நாளும் போயிடுமே?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிணற்றில் உப்பு ஏறினால் நாலு பேர் நிலமும் காயும். அதைச் சொல் தானாகவே அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. 'நகல்நீக்கம்' என்று இருந்தவரை இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அன்றே அறிக்கையில் நான்காவது வரி சேர்த்தேன். களஞ்சியத்தின் துண்டுகளை உண்மையில் படித்துப் பார்த்து ரேகை பொருந்துகிறதா என்று சோதித்த தேதி. மாதம் ஒருமுறை தரவுத்தளத்தை வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு வரி, அதற்கு 'மீட்பு ஒத்திகை'. அந்த நான்காவது வரிக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. 'சரிபார்ப்பு' என்று இப்போதைக்கு இருக்கிறது. மென்பொருள் தன் அட்டவணையை மட்டும் பார்ப்பதும் சரிபார்ப்பு, ஒவ்வொரு துண்டையும் வாசிப்பதும் சரிபார்ப்பு என்றால் அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாது. பத்திரத்தைப் பார்ப்பது வேறு, கிணற்றில் இறங்கிப் பார்ப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து