ஒரே ராத்திரியில் நாற்றை எல்லாம் நத்தை தின்று முடித்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கோச்சடை தோட்டம்:
வணக்கம். எங்கள் வீடு கோச்சடையில், வைகையில் இருந்து அதிக தூரம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை இருக்கிறது. அதில் அரைக்கீரை, கத்தரி, மிளகாய் நாற்று, இரண்டு பப்பாளி, சுவரோரம் செண்டுமல்லி, மாடியில் பைகளில் தக்காளியும் கொத்தமல்லியும். ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து நத்தைத் தொல்லை தாங்க முடியவில்லை. இரண்டு வகை வருகிறது. ஒன்று உள்ளங்கை நீளத்துக்குப் பெரியது, கூம்பு மாதிரி ஓடு, பழுப்பில் கோடுகோடாக இருக்கும். இன்னொன்று ஓடே இல்லாமல் கறுப்பாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, தொட்டால் சுருண்டுவிடும். சாயங்காலம் நட்ட செண்டுமல்லி நாற்று காலையில் பார்த்தால் வெறும் குச்சி. கீரையில் ஓரம் ஓரமாகக் கடித்த ஓட்டை, சிமெண்ட் தரையில் கோழை காய்ந்து பளபளவென்று கோடு. சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டு சுவரைக்கூடச் சுரண்டி வைத்திருக்கிறது, அது எதற்கென்றே புரியவில்லை.

முட்டை ஓடு நொறுக்கிப் போட்டேன், பலன் இல்லை. அடுப்புச் சாம்பல் போட்ட அன்றைக்கு வரவில்லை, மறுநாள் தூறலில் சாம்பல் கரைந்ததும் திரும்ப வந்துவிட்டது. காபித்தூள் சக்கையும் போட்டுப் பார்த்தாச்சு. பக்கத்து வீட்டு அம்மா கல் உப்பைத் தூவச் சொல்கிறார்கள். உரக்கடையில் விஷ உருண்டை ஒன்று இருக்கிறது என்கிறார்கள், ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, நாயும் இருக்கிறது. இதை உண்மையாகவே கட்டுப்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சோழவந்தான் கொடிக்கால்:
அக்கா, முதலில் ஒன்று, உப்பை மண்ணில் தூவவே தூவாதீர்கள். நத்தை சாகும், சரி, ஆனால் மழையில் உப்பு வேருக்கு இறங்கினால் அந்த இடத்தில் கீரை முளைக்காது. உப்பு வாளிக்குள் மட்டும்தான் இருக்கணும்.

எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். நிழல், ஈரம், அகத்தி மரம், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் நத்தைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கொழுந்து வெற்றிலையில் ஒரு ஓட்டை விழுந்தாலும் கவுளி, அதாவது வெற்றிலைக் கட்டு, கட்டும்போது அதைக் கழித்துப் போடணும், அதனால் இந்தப் பிரச்சினையை விளையாட்டாக விட முடியாது. நாங்கள் செய்வது இதுதான். கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சாயங்காலம் பாத்தி ஓரத்தில் விரித்துவிடுவோம், அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோசு மேல் இலை, பழத்தோல் ஏதாவது. பப்பாளி இலைக்கு நத்தை எங்கிருந்தாலும் வரும். ராத்திரி எல்லாம் தின்றுவிட்டு விடியும்போது வெயிலுக்குப் பயந்து அதே சாக்குக்கு அடியில் ஒதுங்கும். காலையில் ஆறு மணிக்குள் சாக்கைப் புரட்டி, கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி, உப்பைக் கெட்டியாகக் கரைத்த வாளியில் போடுங்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம், செத்ததைத் தள்ளி ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் நாற்றமும் ஈயும் தாங்காது.

அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஒரு சுற்று. இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது நன்றாக வெளியே வரும். மழை விட்ட ராத்திரி என்றால் கண்டிப்பாகப் போங்கள். விடாமல் செய்தால் குறைவது கண்ணுக்குத் தெரியும், இரண்டு நாள் விட்டால் மறுபடி அதே கதை.

ஒத்தக்கடை வேளாண்:
கொடிக்கால் அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. நான் கொஞ்சம் காரணத்தைச் சேர்க்கிறேன், அது தெரிந்தால் எங்கே தேடுவது என்று பிடிபடும்.

உங்கள் பெரிய நத்தை ஆப்பிரிக்க ராட்சத நத்தை. நம் ஊர் உயிரே இல்லை, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து பரவியது. 1847ல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸில் இருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார், அங்கிருந்துதான் இந்தியா முழுக்கப் போனது. ஒவ்வொரு நத்தைக்கும் ஆண் உறுப்பு பெண் உறுப்பு இரண்டுமே உண்டு, இணை சேர்ந்த பிறகு எல்லாமே முட்டை இடும். ஒரு முறை சேர்ந்தால் போதும், விந்துவைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஈடுக்கு நூறில் இருந்து நானூறு வரை. அதனால் இன்றைக்கு நீங்கள் பொறுக்குகிற ஒரு பெரிய நத்தை என்பது அடுத்த மழைக்கு வரப்போகிற நூற்றுக்கணக்கான குட்டிகள்.

சுவரைச் சுரண்டுவது சுண்ணாம்புச் சத்துக்காக. ஓடு வளர அதற்குக் கால்சியம் வேண்டும். முட்டை ஓடு போட்டு அதை விரட்ட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம், அது வேலி இல்லை, தீனி. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018ல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை எல்லாவற்றையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தார்கள். எதுவும் போடாத செடிக்கும் இதைப் போட்ட செடிக்கும் சேதத்தில் வித்தியாசம் இல்லை. காபி விஷயத்தில் ஹவாயில் செய்த ஆய்வு 2002ல் வந்தது, ஒன்று அல்லது இரண்டு சதவீதக் கஃபீன் கரைசல் நத்தையைக் கொல்கிறது என்று. ஆனால் நாம் குடிக்கிற காபியிலேயே அது ஏறத்தாழ 0.05 சதவீதம்தான், டிகாஷன் இறக்கிய சக்கையில் என்ன மிச்சம் இருக்கும்? சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் காய்ந்திருக்கும் வரை வேலை செய்யும், நனைந்தால் போச்சு. நத்தை வருவதே மழையில்தான், அதனால் அதை நம்பி இருக்க முடியாது.

உடனே மாற்ற வேண்டியது தண்ணீர் விடும் நேரம். சாயங்காலம் விடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றுங்கள். ராத்திரி மண் மேல்புறம் காய்ந்திருந்தால் அதற்கு ஊர்வது கஷ்டம், கோழை அதிகம் செலவாகும். அடுத்து, பகலில் எங்கே பதுங்குகிறது என்று தேடுங்கள். உடைந்த ஓடு, செங்கல் அடுக்கு, தொட்டியின் அடிப்பகுதி, சாக்கடை மூடியின் உள்பக்கம், வாழைச் சருகு. அந்த இடத்தை ஒழித்தால் பாதி வேலை முடிந்தது.

மிக முக்கியமாக, வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தையைத் தொட விடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம் இந்த நத்தைக்குள் வளரும். அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாக அலசி, வேகவைத்துத்தான் சாப்பிடணும். கொத்தமல்லியைப் பச்சையாகத் தூவுகிறவர்கள் இலை இலையாகப் பார்த்துக் கழுவுங்கள், குட்டி நத்தை காம்பு இடுக்கில் ஒட்டியிருக்கும்.

திருப்பாலை மாடி:
சார், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மண்தரையே கிடையாது, முதல் மாடிக்கு மேல் மொட்டைமாடியில்தான் தோட்டம். அங்கேயும் சின்னதாக, பளபளப்பான பழுப்பு ஓட்டு நத்தை வருகிறது. சுவரில் ஏறியா வருகிறது?

ஒத்தக்கடை வேளாண்:
ஏறும், குழாய் வழியாகவும் ஏறும். ஆனால் மொட்டைமாடிக்குப் பெரும்பாலும் நாமேதான் தூக்கிக்கொண்டு போகிறோம். நர்சரியில் இருந்து வாங்கும் செடியின் தொட்டி மண், தொழு உரம், செம்மண் மூட்டை, இதில் முட்டையோ குட்டியோ இருக்கும். புதுச் செடி வாங்கினால் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வேர்க்கட்டியைப் பாருங்கள், தொட்டியின் அடி ஓட்டையையும் பாருங்கள். பைகளைத் தரையில் ஒட்டி வைக்காமல் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ வைத்தால் அடியில் ஈரம் தங்காது, தேடுவதும் சுலபம்.

மேலூர் வீட்டம்மா:
மருந்து எல்லாம் எதற்கு கண்ணு, எங்கள் வீட்டில் இரண்டு வாத்து நிற்கிறது, சின்ன நத்தை ஒன்றைக்கூட விட்டு வைக்காது. கோழியும் குட்டிகளைக் கொத்தும், பெரிய ஓட்டை அதனால் உடைக்க முடியாது. வேலியோரம் செம்போத்துப் பறவை வந்தால் விரட்டிவிடாதீர்கள், அது பெரிய நத்தையையே உடைத்துத் தின்னும். ஆனால் வாத்தைக் கீரைப் பாத்திக்குள் விட்டால் நத்தையோடு கீரையும் போகும், நாற்று வேர் பிடித்த பிறகு பார்த்து விடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் கேட்கச் சொல்கிறார், வயல் நத்தையை மூலத்துக்கு நல்லது என்று சமைப்பார்களே, இந்தப் பெரிய நத்தையையும் அப்படிச் சமைக்கலாமா?

ஒத்தக்கடை வேளாண்:
வேண்டாம்மா. வயல் நத்தை தண்ணீரில் வாழ்வது, இது வேறு. வீட்டுத் தோட்ட நத்தை சாக்கடையிலும் குப்பையிலும் எலிப்புழுக்கையிலும் புரண்டு வருவது, யார் எங்கே விஷம் வைத்து அதைத் தின்றுவிட்டு வந்திருக்கிறது என்றும் தெரியாது. வயல் நத்தையிலும் அந்தப் புழு இருக்கலாம், அதையும் அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. வாத்துக்குப் போடுவதாக இருந்தாலும் பக்கத்தில் யாரும் மருந்து வைக்கவில்லை என்று உறுதியானால்தான் போடணும்.

உரக்கடை அனுபவம்:
விஷ உருண்டை பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கடையில் கிடைப்பது மெட்டால்டிஹைடு 2.5 சதவீதம். தின்ற நத்தை கோழையைக் கொட்டி, உடம்பில் தண்ணீர் வற்றிச் சாகும். நன்றாக வேலை செய்யும், ஆனால் நல்ல ஈரமான ராத்திரியில் சில நத்தைகள் தேறி எழுந்துவிடும், மழை பெய்தால் உருண்டையும் ஊறிப் பாழாகும். நாய்க்கு அந்த உருண்டை ருசியாக இருக்கும், தவிடு கலந்திருப்பதால். தின்றால் நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். பிரிட்டனில் 2022ல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டார்கள். குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டில் நான் இதைக் கொடுக்கவே மாட்டேன். வேறு வழியில்லாமல் வைத்தே ஆகணும் என்றால், திறந்தவெளியில் தூவாமல், நாய் மூக்கு நுழையாத அளவுக்குக் குறுகலான பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்து, குழாயைத் தரையோடு அசையாமல் கட்டி, காலையில் மிச்சத்தை எடுத்துவிடணும். நாய் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வைத்தியம் எதுவும் பார்த்துக்கொண்டு இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

இரும்பு பாஸ்பேட் உருண்டை கிடைத்தால் அதை வாங்குங்கள், இதோடு ஒப்பிட்டால் ஆபத்து ரொம்பக் குறைவு. தின்ற நத்தை தீனியை நிறுத்திவிட்டு எங்காவது போய்ப் பதுங்கிச் சில நாளில் சாகும். காலையில் பிணம் கிடக்காது, அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், இலையில் புதுக் கடி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடில்லாத கறுப்பு நத்தைக்கு இன்னொரு வழி. கொட்டாங்குச்சியில் தண்ணீர், கொஞ்சம் வெல்லம், ஒரு சிட்டிகை பேக்கரி ஈஸ்ட் கலந்து, விளிம்பு மண்ணுக்கு மேல் கொஞ்சம் தெரிகிற மாதிரி புதைத்து வையுங்கள். புளித்த வாசனைக்கு வந்து விழுந்து சாகும். பெரிய ஓட்டு நத்தை இதில் அவ்வளவாகச் சிக்காது. எலுமிச்சை, சாத்துக்குடி மரம் வைத்திருப்பவர்கள் அடிமரத்தில் போர்டோ கலவையை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்ததை, பட்டையாகப் பூசினால் ஏறாது.

கோச்சடை தோட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்கும் பப்பாளி இலையும் வைத்தேன், காலையில் புரட்டினால் அடி முழுக்க நத்தை, சாக்கின் மடிப்புக்குள் வரிசையாக. இத்தனை இந்தக் கொஞ்ச இடத்துக்குள் இருந்தது என்று நம்பவே முடியவில்லை. தண்ணீரைக் காலைக்கு மாற்றிவிட்டேன், கிணற்று மேடை ஓரம் அடுக்கியிருந்த பழைய ஓடு எல்லாம் எடுத்தாச்சு. கீரையில் புதுக் கடி குறைந்திருக்கிறது, செண்டுமல்லி நாற்று இந்த முறை துளிர்த்து நிற்கிறது.

ஓடு எடுத்த இடத்தில் ஒரு விரல்கடை ஆழத்தில் வெளிர்மஞ்சளாக, ஜவ்வரிசி மாதிரி குவியலாக இருந்தது. அது முட்டைதானா? அதை என்ன செய்வது? இன்னொன்று, பக்கத்துக் காலிமனையில் புதர் மண்டிக் கிடக்கிறது, அங்கே இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒத்தக்கடை வேளாண்:
அதேதான், முட்டை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும், அதனால் இன்றைக்கே கரண்டியால் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வாளியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போட வேண்டாம், அங்கே போய் வசதியாகப் பொரியும். சுற்றி ஒரு முழம் தூரத்துக்குக் கிளறிப் பாருங்கள், ஒரு குவியல் இருந்தால் அடுத்ததும் இருக்கும்.

பொறுக்கிய நத்தையைக் காலிமனைக்குள் எறிய வேண்டாம். இங்கிலாந்தில் தோட்ட நத்தைகளுக்கு வண்ணப்புள்ளி வைத்து விட்டுப் பார்த்தார்கள், பக்கத்தில் விட்டவற்றில் பல திரும்பி வந்துவிட்டன. உங்கள் வீட்டுக்கும் மனைக்கும் இடையில் சுவரோரம் இரண்டடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வெறும் தரையாக வைத்திருங்கள், சாக்குப் பொறியை அந்தக் கோட்டிலேயே வையுங்கள், உங்கள் பாத்திக்கு வருவதற்கு முன்னாலேயே சிக்கும்.

சோழவந்தான் கொடிக்கால்:
அக்கா, தெருவில் நாலு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் மட்டும் பொறுக்கினால் பக்கத்து வீட்டில் இருந்து வந்து நிரப்பிவிடும். மனைக்காரரிடம் பேசி ஒரு தடவை புதரை வெட்டிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் இன்னொரு வேலை இருக்கிறது. அப்போது நத்தை ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு கல் இடுக்கிலும் சுவர் பொந்திலும் கும்பலாகத் தூங்கும், ஓடாது, ஒளியாது. அந்த நேரத்தில் போய் அள்ளிவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு முட்டை இட ஆள் குறைவு. எங்கள் கொடிக்காலில் வாய்க்கால் கரைக் கல்லை எல்லாம் சித்திரையில்தான் புரட்டுவோம்.

கோச்சடை தோட்டம்:
சரிங்க அண்ணே. முட்டைக்குக் கொதிதண்ணீர் ஊற்றியாச்சு, கிளறினதில் இன்னும் ஒரு குவியல் கிடைத்தது. எதிர்வீட்டு அக்காவும் இன்று ராத்திரி டார்ச்சோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மனைக்காரர் போன் நம்பர் வாங்கிப் பேசிவிட்டு எழுதுகிறேன்.