வேகப்பந்து ஆல்-ரவுண்டர்: கபில் 131 டெஸ்ட், பாண்டியா 11. வித்தியாசம் எங்கே?

கல்லிபாயிண்ட்:

கபில் தேவ் 1978 அக்டோபரில் ஃபைசலாபாத்தில் ஆரம்பித்து 1994 வரை 131 டெஸ்ட் ஆடினார். காயம் என்று ஒரு டெஸ்ட்டில்கூட உட்காரவில்லை. நடுவில் விடுபட்டது 1984-85 கொல்கத்தா டெஸ்ட் ஒன்றுதான். அதுவும் டெல்லியில் ஆடிய பொறுப்பில்லாத ஷாட்டுக்குத் தண்டனையாக. ஹர்திக் பாண்டியா 2018இல் 11 டெஸ்ட்டோடு நின்றார். இங்கிலாந்தின் ஃபிளின்டாஃப் 79. தென்னாப்பிரிக்காவின் காலிஸ் மட்டும் 166.

"அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்துச் சாப்பாடு" என்ற பதில் வேண்டாம். ஓவர் கணக்கா, பந்து வீசும் ஆக்‌ஷனா, டி20யா? இளம் ஆல்-ரவுண்டர் நிதிஷ் குமார் ரெட்டி மாதிரி ஒருவரைப் பத்து வருஷம் ஓட வைக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பந்துக்கணக்கு:

முதலில் ஒரு வகுத்தல் போடுங்கள். காலிஸ் 166 டெஸ்ட்டில் வீசியது 20,232 பந்து. டெஸ்ட்டுக்குச் சுமார் 20 ஓவர். கபில் 27,740 பந்து, 35 ஓவர். இங்கிலாந்தின் போத்தம் 102 டெஸ்ட்டில் 21,815, கிட்டத்தட்ட 36. ஃபிளின்டாஃப் 31, 32 வரும். பாண்டியா வெறும் 14.

அதிகம் வீசினால் உடம்பு உடையும் என்பது உண்மையானால் பட்டியல் தலைகீழாக இருக்க வேண்டும். குறைவாக வீசியவர்தான் முதலில் விழுந்தார். மொத்தச் சுமையைவிட ஆபத்தானது சுமை திடீரென்று ஏறுவது. கபில் இந்தியாவுக்கு ஆடாத மாதங்களிலும் ரஞ்சி, இங்கிலாந்துக் கவுண்டிகளான நார்தாம்ப்டன்ஷையர், வூஸ்டர்ஷையர் என்று எங்கேயாவது வீசிக்கொண்டே இருந்தார். எலும்புக்கும் தசைக்கும் அந்த வேலை பழகிப்போனது. மாதக்கணக்கில் ஓய்வு, பிறகு ஒரே டெஸ்ட்டில் 40 ஓவர் என்ற நிலை அவருக்கு அதிகம் வரவில்லை.

காலிஸ் கதை வேறு. டொனால்டு, போலாக், பின்னால் ன்டினி, ஸ்டெய்ன் என்று புதுப் பந்துக்கு ஆள் இருந்தது. இவர் வந்து நாலைந்து ஓவர் வீசிவிட்டு ஸ்லிப்பில் போய் நிற்பார். முக்கிய வேலை பேட்டிங். 13,289 ரன்னும் 292 விக்கெட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு இந்தப் பங்கீடு பெரிய காரணம்.

பாகிஸ்தானின் இம்ரான் கானையும் பார்க்கலாம். 1982-83இல் இந்தியாவுக்கு எதிராக ஆறு டெஸ்ட்டில் 40 விக்கெட் எடுத்தார். அதோடு முழங்காலுக்குக் கீழ் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் முறிவு. 1983 உலகக் கோப்பையில் பேட்ஸ்மேனாக மட்டும் ஆடினார். பந்து வீச முடியாத காலத்திலும் அணியில் இடம் இருந்தது என்றால் பேட்டிங் அந்த அளவுக்கு இருந்தது. இதுதான் ஆல்-ரவுண்டருக்குக் கிடைக்கும் காப்பீடு. ஒரு வேலை மட்டும் தெரிந்த பவுலருக்கு இது கிடையாது.

சீம்அப்:

ஓவர் கணக்கு சரிதான், ஆனா ஆக்‌ஷனை விட்டுட்டுப் பேசக் கூடாது.

பின்கால் தரையில படுற நேரத்துல பாருங்க. பாதம் கிரீஸுக்கு இணையா இருந்து, தோளும் பக்கவாட்டுல இருந்தா சைட்-ஆன். பாதம் பேட்ஸ்மேனைப் பார்த்து, நெஞ்சும் பேட்ஸ்மேனைப் பார்த்தா ஃப்ரண்ட்-ஆன். ரெண்டும் பரவாயில்ல. கெடுதல் கலப்பு ஆக்‌ஷன்தான்: இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம். பின்கால் படும்போது திறந்திருக்கிற தோள், முன்கால் படுறதுக்குள்ள பின்னோக்கித் திரும்பும். அந்தத் திருப்பம் 30 டிகிரிக்கு மேல போனா கீழ்முதுகு எலும்பு சம்பளமே இல்லாம வேலை பார்க்குது. கபில் நல்ல சைட்-ஆன், இடது தோள் நேரா பேட்ஸ்மேனைப் பார்க்கும். அவுட்ஸ்விங்கும் அதுலதான் வந்துச்சு, முதுகும் அதுலதான் தப்பிச்சுது.

வலது கை பவுலருக்கு இந்த ஸ்ட்ரெஸ் முறிவு பெரும்பாலும் இடது பக்கம், கீழ்முதுகின் கடைசி ரெண்டு எலும்புல வரும். அடையாளம்: ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னால சாய்ஞ்சு திரும்பினா கூடும், ஓடும்போது அவ்வளவா தெரியாது. எக்ஸ்ரேல ஆரம்ப நிலை தெரியாது, அதை நம்பி விட்டுடாதீங்க. எம்.ஆர்.ஐ.ல எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கிறது தெரிஞ்சா முறியறதுக்கு முன்னாடியே நிறுத்தலாம். அங்கேயே பிடிச்சா சில வாரம் ஓய்வு. முறிஞ்ச பிறகுன்னா பந்தைத் தொடவே குறைஞ்சது மூணு மாசம், மேட்ச் வேகத்துக்கு வர ஆறு மாசம், அதுக்கு மேலேயும் ஆகும். வலி மாத்திரை போட்டு அந்த மேட்ச்சை முடிக்கிறதுதான் இதுல நடக்கிற பெரிய தப்பு.

வயசும் முக்கியம். இருபது தாண்டி சில வருஷம் வரைக்கும் அந்த எலும்பு முழுசா உறுதியாகாது. ஆஸ்திரேலியாவோட கம்மின்ஸ் 18 வயசுல 2011 ஜோஹன்னஸ்பர்க்ல முதல் டெஸ்ட் ஆடினார், அடுத்த டெஸ்ட் 2017 ராஞ்சி! கேமரன் கிரீன் 2024 அக்டோபர்ல முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு, 2025 ஜூன்ல பந்து வீசாம பேட்ஸ்மேனா மட்டும் திரும்பினார். மேலே சொன்ன இம்ரான் காப்பீடு அப்படியே.

ஃபிளின்டாஃப் விஷயம் முதுகைவிட இடது கணுக்கால்தான். ஊன்றுகால் அது. ஒவ்வொரு பந்துக்கும் உடல் எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல அதுல இறங்குது. கனமான உடம்பு, எதிர்த்து அடிச்சு ஊன்றுற ஆக்‌ஷன். பல ஆபரேஷன், கடைசியில முழங்கால், 2009 ஆஷஸோட டெஸ்ட்டுக்கு முழுக்கு.

பெவிலியன்எண்ட்:

யாராவது பேட்டிங் சராசரியிலிருந்து பவுலிங் சராசரியைக் கழித்து "கபில் வெறும் 1.4, காலிஸ் 22.7" என்று கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்தக் கழித்தல் வேலைப்பளுவைக் காட்டாது. கபில் டெஸ்ட்டுக்கு 3.3 விக்கெட், காலிஸ் 1.8. உள்ளூர் செத்த பிட்ச்சில் எதிர்முனையில் வேகமே இல்லாமல் புதுப் பந்து எடுத்தவர் கபில். 1983 அகமதாபாத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 83 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தும் இந்தியா தோற்றது. கழித்தல் கணக்கில் சோபர்ஸ், காலிஸ் மாதிரி "பேட்ஸ்மேன், கூடவே பவுலர்" வகைதான் எப்போதும் மேலே வரும். ஏழாம் இடத்தில் இறங்கி இரண்டாவது புதுப் பந்தைச் சந்திப்பவருக்குச் சராசரி எப்படி 50க்குப் போகும்?

கல்லிபாயிண்ட்:

நன்றி. அப்படியானால் ஐபிஎல் முடிந்து நேரே டெஸ்ட்டுக்குப் போகிறவர் என்ன செய்வது? 2023இல் ஐபிஎல் இறுதி மே 30 விடியலில் முடிந்தது, ஓவலில் உலக டெஸ்ட் இறுதி ஜூன் 7.

பந்துக்கணக்கு:

எட்டு நாளில் ஒன்றும் ஏற்ற முடியாது. வேலை ஐபிஎல் நடக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.

வாரம் இரண்டு மேட்ச், தலா 24 பந்து. நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், ஓர் எழுபது. ஆக வாரத்துக்கு 120 பந்து. கபில் அளவில் டெஸ்ட் என்றால் ஐந்து நாளில் 210. வாரத்துக்கு இருபது சதவீதம் ஏற்றினால் 120, 145, 175, 210. அதாவது மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். மேட்ச்சில் நாலு ஓவர்தான் என்பதால் மிச்சத்தை மறுநாள் நெட்ஸில், சிவப்புப் பந்தில், ஆறு ஓவர் ஸ்பெல்லாக, அதாவது ஒரே தொடராக, வீச வேண்டும். துண்டு துண்டாக ஓர் ஓவர், இரண்டு ஓவர் வீசினால் எண்ணிக்கை வரும், நீண்ட ஸ்பெல்லின் களைப்பு பழகாது.

நெட்ஸ் பந்தையும் எழுதி வையுங்கள். பலர் மேட்ச் ஓவரை மட்டும் எண்ணுகிறார்கள். கடைசி ஏழு நாள் எண்ணிக்கை, நாலு வார சராசரியைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அடுத்த வாரம் குறையுங்கள். ஒரே டெஸ்ட்டில் 50 ஓவருக்கு மேல் போனால் அடுத்த மூன்று வாரம் வரை ஆபத்து நீடிக்கும். வலி அன்றே வராது. மேட்ச் நடுவில் வேகம் 5 கி.மீ. இறங்கி நோ-பாலும் கூடினால் களைப்பில் ஓடி வரும் விதமும் ஆக்‌ஷனும் சரிகிறது என்று அர்த்தம். அந்த ஸ்பெல்லை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.