யூ குழாயை நம்பறதா, கண்ணாடியில ஓட்டையே போட்டுடறதா?

நொய்யல்கரை (திருப்பூர்)
எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடி உப்புத்தண்ணி மீன்தொட்டி, ஓடி ஒண்ணரை வருசமாச்சு. தண்ணி கீழ வடியறதுக்குக் கண்ணாடியில ஓட்டை இல்லை, பின்னாடி தொங்கவிடற ஓவர்ஃப்ளோ பாக்ஸ்தான். உள்பெட்டியிலிருந்து வெளிப்பெட்டிக்கு யூ குழாய், அங்கிருந்து கீழ சம்ப்புக்கு. (வாசல்ல தண்ணி புடிச்சு வைக்கற சம்ப் இல்லீங்க, ஸ்டாண்டுக்குள்ள இருக்கற ஃபில்டர் தொட்டி.) வளைவுல சேர்ற காத்தை இழுக்க ஒரு குட்டி பம்ப்பையும் கடைக்காரரே மாட்டிவிட்டு, "இனி திரும்பிக்கூடப் பாக்க வேண்டியதில்லை"ன்னார்.

நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டு ராத்திரி 11 மணிக்கு வந்து கதவைத் தொறந்தா ஹாலெல்லாம் தண்ணி. யூ குழாய் வளைவுல பாதிக்குக் காத்து. குட்டி பம்ப் ஓடற சத்தம் கேக்குது, ஆனா இழுக்கலை. துணியில புழிஞ்சு எடுத்தது ரெண்டு பக்கெட். மீனெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நான் கேக்கறது ஒண்ணுதான்: இதையே வெச்சு ஓட்டறதா, தொட்டியைக் காலி பண்ணி ஓட்டை போடறதா?

கருங்கல்பாளையம் (ஈரோடு)
ஓட்டை போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்குது? யூடியூப் பாத்து யூ டியூப் மாட்டற எல்லாரும் ஒரு நாள் தரை தொடைக்கத்தான் போறாங்க. சைபன் (யூ குழாய்ல தண்ணி தானா இழுத்துட்டு ஓடறது) அறுந்தா கீழ வடியறது நிக்கும், ஆனா ரிட்டர்ன் மோட்டாருக்கு அது தெரியாது. சம்ப்புத் தண்ணியை மேல தள்ளிட்டேதான் இருக்கும். ஓட்டை போட்ட தொட்டியில இந்தக் கதையே இல்லை. கரண்ட் போனா நிக்கும், வந்தா தானா வடியும்.

பீளமேடு பம்ப்
ஈரோட்டுக்காரர் சொல்றது பாதி சரி. ஓட்டை போட்ட தொட்டியிலயும் நத்தை ஒண்ணு குழாய்க்குள்ள போய் அடைச்சா தரைக்குத்தான் வரும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க அவசரத்துக்குன்னு ரெண்டாவதா ஒரு குழாய் வெக்கறாங்க.

நொய்யல்கரை தம்பி, உங்க தொட்டியில நடந்தது கிணத்து மோட்டார்ல காத்துப் புடிக்கற அதே கதைதான். நான் பம்ப் பட்டறையில இருக்கறவன், இது எனக்குத் தினப்படி சோறு. வளைவுல காத்து சேர ரெண்டு காரணம். ஒண்ணு, தண்ணியோட வர்ற பொடிக் குமிழி. ரெண்டு, குழாய்க்குள்ள ஓட்டம் மெதுவா இருக்கறது. ஓட்டம் வேகமா இருந்தா குமிழியைத் தானே அடிச்சுட்டுப் போயிடும், மெதுவானா குமிழி மேலேயே குந்திக்கும். எத்தனை குழாய் மாட்டியிருக்கீங்க? மோட்டார் எவ்வளவு?

நொய்யல்கரை
பாதுகாப்புக்குன்னு ரெண்டு குழாய்ங்ணா, ஒரு இஞ்ச். ஒண்ணுல மட்டுந்தான் அந்த குட்டி பம்ப். மோட்டார் மணிக்கு 2000 லிட்டர்னு போட்டிருக்குது, மேல ஏத்திக் குடுக்கறது கம்மியாத்தான் இருக்கும்.

பீளமேடு பம்ப்
அப்ப ஒரு குழாயே அதைத் தாங்கும். ரெண்டாப் பிரிச்சதுல வேகம் பாதியாப் போச்சு. ஒண்ணைக் கழட்டிப் போடுங்க.

ஆனைமலை அக்கா (பொள்ளாச்சி)
ஒன்பது வருசமா யூ குழாயிலயே ஓட்டறவ சொல்றேன். பம்ப்பண்ணா, ஒரு குழாய்தான் சரி, ஒத்துக்கறேன். ஆனா குழாயைக் கழுவாம விட்டா ஒண்ணு என்ன, ரெண்டு என்ன? தம்பி, கடைசியா எப்பக் கழுவுனீங்க?

நொய்யல்கரை
கழுவணுமாக்கா?

கருங்கல்பாளையம்
😂 இதுக்குத்தான் சொல்றேன், ஓட்டை போடுங்கன்னு.

ஆனைமலை அக்கா
சிரிக்காதீங்க, கடைக்காரர் சொன்னதைத்தான அவரு நம்புனாரு. கேளு கண்ணு. மாசம் ஒருக்கா மொதல்ல ரிட்டர்ன் மோட்டாரை நிறுத்து. தண்ணி அடங்கினதும் குழாயை எடு. உள்ள வழவழன்னு பாசி இருக்கும், அங்கங்க ஊதாக் கலர்ல சுண்ணாம்பாட்டம் ஏறியிருக்கும். குமிழி புடிச்சு நிக்கறது அந்தச் சொரசொரப்புலதான். பால்பாட்டில் கழுவற பிரஷ் போட்டுத் தேச்சு, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ராத்திரி பூரா ஊறப்போடு. மாத்துக் குழாய் ஒண்ணு கைவசம் இருந்தா அன்னைக்கு அதை மாட்டிக்கலாம். சோப்பு கூடவே கூடாது. திருப்பி மாட்டறப்ப தொட்டித் தண்ணிக்குள்ளயே முக்கி, காத்தெல்லாம் போனப்புறம் ரெண்டு வாயையும் விரல்ல அடைச்சுக் கொண்டுபோய் வை. சின்ன ஓஸ் விட்டு வாயில உறிஞ்சறவங்களும் உண்டு, பேரல்ல டீசல் எடுக்கறாப்புல. ஒரு வாய் உப்புத்தண்ணி நிச்சயம்!

அந்த குட்டி பம்ப்பு சத்தம் போட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தமில்லை. உள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சிருந்தாலும், ஓஸ்ல உப்புக் கட்டியிருந்தாலும் சத்தம் அப்படியேதான் வரும். ஓஸைக் கழட்டி விரல் நுனியில வெச்சுப் பாரு, இழுக்கணும்.

இன்னொண்ணு. கழுவின அன்னைக்கு உள்பெட்டியில தண்ணி எங்க நிக்குதோ அங்க மார்க்கர்ல ஒரு கோடு போடு. குழாய் அடைய அடையக் கோட்டுக்கு மேல தண்ணி ஏறும். ஒரு விரக்கடை ஏறிட்டாப் போதும், மாசம் ஆகலைன்னாலும் கழுவு.

கருங்கல்பாளையம்
அக்கா, இத்தனை வேலை எதுக்குன்னுதான் கேக்கறேன். 10 எம்எம் சாதாக் கண்ணாடிதானே. வைர பிட் போட்டு, தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவா விட்டா அரை மணி நேரம்.

பீளமேடு பம்ப்
தண்ணியும் கல்லும் மீனுமா ஓடிட்டிருக்கற தொட்டிங்க அது! 400 லிட்டரை எங்க ஊத்தி வைப்பாரு? கண்ணாடி டஃபன்டா இருந்துட்டா பிட்டு பட்ட உடனே சுக்குநூறு. புதுத் தொட்டின்னா நானும் ஓட்டைதான் சொல்லுவேன்.

ஆனைமலை அக்கா
தம்பி, எனக்கு ஒண்ணு உறுத்துது. ரெண்டு பக்கெட்னா சுமாரா 30 லிட்டர். சம்ப்புல மோட்டார் இருக்கற அறை என்ன அளவு, எவ்வளவு தண்ணி நிக்கும்? தானா நல்ல தண்ணி ஊத்தற செட்டப் இருக்குதா?

நொய்யல்கரை
60க்கு 30 செ.மீ. அறை, 25 செ.மீ. தண்ணி. மேல தொட்டி விளிம்புக்கும் தண்ணிக்கும் 4 செ.மீ. இடைவெளி. ஆமாங்க்கா, ஏடிஓ இருக்குது, 20 லிட்டர் ஆர்ஓ கேன்ல. அன்னைக்கு அது காலியா இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்லை.

ஆனைமலை அக்கா
அதேதான். உங்க தொட்டியில ஒரு செ.மீ. உசரம்னா 7.2 லிட்டர். 4 செ.மீ.க்கு 29 லிட்டர் புடிக்கும். மோட்டார் இழுக்க முடியாம அடியில நிக்கற 3 செ.மீ. போக, மேல போனது 40. வழிஞ்சது 11. அறையில தண்ணி கொறைஞ்சதும் ஏடிஓ, ஆவியாப் போச்சுன்னு நெனச்சு 20 லிட்டர் நல்ல தண்ணியையும் ஊத்தியிருக்குது. ஆக 31. உப்பு பாத்தியா?

நொய்யல்கரை
1.025 இருந்தது 1.024 காட்டுதுங்க்கா. அளக்கறது தப்புன்னு நெனச்சேன்.

ஆனைமலை அக்கா
அளவு சரிதான். மோட்டார் அறையை 15 செ.மீ.க்கு எறக்கு. சைபன் அறுந்தாலும் மேல போறது 22 லிட்டருக்குள்ளதான், 3 செ.மீ. ஏறி நின்னுக்கும். கேன்ல 5 லிட்டருக்கு மேல ஊத்தாத.

கருங்கல்பாளையம்
நிக்கும், சரி. அப்புறம் மோட்டார் ராத்திரி பூரா தண்ணியில்லாம ஓடி வேகும். ஆடிக் காத்துல எங்க வீட்டுத் தொட்டியில தினம் 5 லிட்டர் ஆவியாப் போகுது. 5 லிட்டர் கேனை வெச்சுக்கிட்டு நோம்பிக்கு எப்படி ஊருக்குப் போறது?

பீளமேடு பம்ப்
இது நல்ல கேள்வி. போர் மோட்டாருக்கு ட்ரை ரன் போடறமில்ல, அதே வேலைதான். மோட்டார் அறையில ஒரு ஃப்ளோட் சுவிட்ச், தண்ணி கீழ போனா ரிட்டர்னும் ஏடிஓவும் சேர்ந்து நிக்கற மாதிரி. சுவிட்சுல உப்புப் படியும், அதையும் கழுவணும். ஊருக்குப் போறதுக்கு என்கிட்ட பதில் இல்லை, பக்கத்து வீட்டுல சாவி குடுத்துட்டுப் போறதுதான்.

கருங்கல்பாளையம்
ஆக குழாய் கழுவணும், குட்டி பம்ப் பாக்கணும், சுவிட்ச் கழுவணும், சாவி குடுக்கணும். நான் ஒரே ஒரு ஓட்டை.

நொய்யல்கரை
இன்னைக்குப் பொழுதோட செஞ்சு பாத்தேனுங்க. ஒரு குழாயைக் கழட்டியாச்சு. இன்னொண்ணைக் கழுவினப்ப உள்ள கருப்பாச் சளியாட்டம் ஒரு விரல் நீளத்துக்கு வந்துச்சு. மோட்டார் அறையை 15க்கு எறக்கிட்டு, வேணும்னே குழாயை உருவி மோட்டாரைப் போட்டேன். பக்கெட்டும் கையுமா நின்னேன். ஏறுச்சு, ஏறுச்சு, விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ நின்னுருச்சு. மோட்டார் காத்தை இழுத்துக் கரகரன்னு கத்துச்சு, உடனே நிறுத்திட்டேன். ஃப்ளோட் சுவிட்ச் நாளைக்கு வாங்கறேன். ஈரோட்டண்ணா, அடுத்த தொட்டிக்கு ஓட்டைதான்.

கருங்கல்பாளையம்
சந்தோசமுங்க. அந்த ஏடிஓ பிளக்கைப் புடுங்கிட்டுத்தான இதெல்லாம் பண்ணுனீங்க?

நொய்யல்கரை
இருங்க, பாத்துட்டு வர்றேன்.