யாழ்ப்பாணத்தில பாஸ்போட் எடுக்கிறது: கடதாசியில கவனிக்க வேண்டியவை

(நாலு ஊர்க்காரர் மாறி மாறிச் சொல்லினம். சொல்லுறவரின்ர ஊர்ப்பெயர் முன்னால இருக்கு.)

நல்லூர்:
2025 செப்டெம்பர் 1 தொடக்கம் யாழ் கச்சேரியிலயே (மாவட்டச் செயலகம்) குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின்ர பிராந்திய அலுவலகம் இருக்கு. வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ இரவு பஸ் ஏறின காலம் போட்டுது. ஆனால் கடதாசி பிழையெண்டால் எந்த அலுவலகமும் திருப்பித்தான் அனுப்பும்.

கே 35 ஏ எண்ட பாஸ்போட் விண்ணப்பப் படிவம், பிறப்புப் பத்திரம், ஐசி (தேசிய அடையாள அட்டை), பழைய பாஸ்போட் இருந்தால் அதுவும். எல்லாத்திலயும் மூலப்பிரதியும் போட்டோக்கொப்பியும் வேணும். படத்தைக் கையில கொண்டுபோறேல்லை. திணைக்களம் அனுமதிச்ச ஸ்ரூடியோவில எடுத்தால் அவையளே கணினி வழியா அனுப்பிப்போட்டு ஒரு சிட்டை தருவினம். அந்தச் சிட்டைதான் முக்கியம். படமெடுக்க முதல் ஸ்ரூடியோவுக்கு அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ. வெள்ளைச் சட்டை போடாதேங்கோ, கண்ணாடியைக் கழட்டுங்கோ, காது தெரியவேணும்.

பெரியாக்களுக்குக் கட்டணம் சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. 16 தொடக்கம் 60 வயது வரைக்கும் கைரேகை கட்டாயம், அதால வேற ஆளை அனுப்பி அலுவல் முடிக்கேலாது.

கோப்பாய்:
அண்ணை சொன்னதோட பெயர் விசயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய தடை.

பிறப்புப் பத்திரத்தில பெயர் எண்ட கூட்டில (கட்டத்தில) "சிவகுமார்" எண்டு மட்டும் இருக்கும், தகப்பன்ர பெயர் வேற கூட்டில. ஐசியில "கனகரத்தினம் சிவகுமார்" எண்டு வரும். இது வழமையான வித்தியாசம், பயப்படத் தேவையில்லை. பயப்படவேண்டியது ஐசியில "சிவகுமாரன்" எண்டு ஒரு எழுத்து கூடி இருந்தால். அப்ப எது பிழையோ அதை முதல் திருத்துங்கோ. ஐசி எண்டால் ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவையாளர்) தொடங்கிப் பிரதேச செயலகம் வழியா ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். பிறப்புப் பத்திரம் எண்டால் பிரதேச செயலகத்தில இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரிட்ட. ரெண்டுக்கும் நாள் எடுக்கும். பயணத் திகதி குறிச்ச பிறகு தொடங்கினால் நிச்சயம் அந்தரப்படுவியள்.

படிவத்தில குடும்பப் பெயருக்கு ஒரு கூடு, மற்றப் பெயர்களுக்கு இன்னொரு கூடு. தகப்பன் பெயரை முதல் கூட்டிலயும் சொந்தப் பெயரை ரெண்டாவதிலயும் போடுங்கோ. "எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையே" எண்டு ஒரு கூட்டை வெறுமையா விட்டால் பிறகு அலைச்சல். அமெரிக்க விசாவில சொந்தப் பெயர்க் கூடு வெறுமையா இருந்தால் அந்த இடத்தில "எவ் என் யூ" (முதற்பெயர் தெரியாது எண்டதின்ர ஆங்கிலச் சுருக்கம்) எண்டு மூண்டு எழுத்து விழும், விமான ரிக்கற்றும் அப்பிடியே தொடரும். "க." மாதிரி முதலெழுத்தும் வேண்டாம், முழுப்பெயர்தான்.

பருத்தித்துறை:
ஆங்கில எழுத்துக்கூட்டல். சண்முகநாதனுக்கு எஸ்ஸுக்குப் பின்னால எச் வருமோ, வராதோ? தர்சினியில டி மட்டுமோ, டி எச்சோ? தமிழில ரெண்டும் ஒண்டுதான், தூதரகக் கணினிக்கு ரெண்டு ஆக்கள். ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) சான்றிதழில எப்பிடி இருக்கோ அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில எழுதுங்கோ. படிவம் நிரப்பிக் குடுக்கிற கடையில வாயால சொல்லாமல் சான்றிதழைக் காட்டி எழுதுவியுங்கோ. கனடா, பிரான்சில இருந்து கூப்பிடுற சொந்தக்காரர் தங்கட பத்திரத்தில உங்கட பெயரை எப்பிடி எழுதியிருக்கினம் எண்டும் முதலே கேட்டுவையுங்கோ.

சாவகச்சேரி:
ரெண்டு விசயம் விடுபட்டுப்போச்சு. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில பிறந்த பிள்ளையளின்ர பதிவு பிறந்த இடத்துப் பதிவாளரிட்டத்தான் நடந்திருக்கும். பத்திரம் துலைஞ்சால் எந்தப் பிரிவில, எந்த வருசம் பதிஞ்சது எண்டு தாய் தகப்பனிட்ட விசாரிச்சுப்போட்டுப் பிரதி கேளுங்கோ, தேடுறது சுகம். பதிவே இல்லையெண்டால் காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்யவேணும்.

மற்றது, தமிழ்நாட்டு அகதி முகாமில பிறந்து திரும்பி வந்தவை. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் காணாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவில பதிஞ்ச குடியுரிமைச் சான்றிதழும் வேணும். அது இல்லாமல் பாஸ்போட் வரிசையில நிண்டு பிரயோசனமில்லை. முதல் அந்தப் பதிவு.

நல்லூர்:
சரியாச் சொன்னியள் தங்கச்சி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குக் கைரேகை இல்லை, தாய் தகப்பன் சம்மதம் வேணும். ஒருத்தர் வெளிநாட்டில இருந்தால் சம்மதக் கடிதத்தை முதலே எடுப்பியுங்கோ. புருசன்ர பெயரைச் சேர்க்க விரும்பிறவை விவாகப் பதிவுப் பத்திரத்தையும் கொண்டுபோகவேணும். கோயில்ல கட்டின தாலி மட்டும் இதுக்கு உதவாது.

பாஸ்போட் கையில கிடைச்ச உடன பெயர், பிறந்த திகதி, ஐசி இலக்கம் மூண்டையும் கவுண்டரை விட்டு வர முதல் வாசியுங்கோ.