பின்தோட்டம்: அடுத்த வீட்டு மாடியின் பார்வை படாமல் இருக்க என்ன வழி?

மல்லிப்பந்தல் (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 30 அடி நீளம், 25 அடி அகலத்தில் தோட்டம் இருக்கிறது. கோடியில் 6 அடி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் இதுவரை தரைத்தள வீடுதான் இருந்தது. இப்போது மேலே மாடி எழுப்பி, எங்கள் பக்கம் பார்த்தபடி பால்கனி வைத்திருக்கிறார்கள். மதிலுக்கும் பால்கனிக்கும் இடையே 10 அடிதான்.

அவர்கள் நல்ல மனிதர்கள், வேண்டுமென்று எட்டிப் பார்க்கிறவர்கள் இல்லை. ஆனால் அங்கே ஒருவர் சும்மா நின்றாலே எங்கள் தோட்டம் முழுக்கக் கண்ணில் படுகிறது. அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. காலையும் மாலையும் தடியோடு நடந்து பழக வேண்டும். தான் தடுமாறி நடப்பதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பால்கனியில் ஆள் தெரிந்தால் பாதியிலேயே உள்ளே வந்துவிடுகிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மதில்மேல் தகரம் அடித்து 12 அடிக்கு உயர்த்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. மதிலோரம் போட்டிருக்கும் காய்கறிப் பாத்திக்கு அப்புறம் வெளிச்சமே இருக்காது. சீக்கிரம் வளரும் என்பதால் மூங்கில் நடலாமா? நடைபாதை தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. நான் மாலையில் உட்காருவது பின்வாசலில்.

வேம்படி:

தகரத்துக்குச் சம்மதிக்காதீர்கள் சகோதரி. தோட்டங்கள் வடிவமைப்பதுதான் என் வேலை. மறைப்பு வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் எல்லைச் சுவரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது, எங்கே உட்காருவீர்கள், எங்கே நடப்பீர்கள் என்றுதான். அந்த இடங்கள் மறைந்தால் போதும். மற்றச் செடிகளை யார் பார்த்தால் என்ன?

உங்கள் அளவுகளை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். பால்கனித் தரை 10 அடி உயரம் என்றால், நிற்பவரின் கண் ஏறக்குறைய 15 அடியில் இருக்கும். அம்மாவின் தலை உச்சி 5½ அடி என்று வைத்துக்கொள்கிறேன். அவர் தோட்டத்தின் நடுவில், மதிலிலிருந்து 15 அடி தள்ளி நடந்தால், மதிலின் இடத்தில் 11 அடிக்கு மேல் மறைப்பு வேண்டும். அதே அம்மா மதிலிலிருந்து 3 அடி தள்ளி நடந்தால் 7¾ அடி போதும். பார்வை மேலிருந்து சரிந்து வருகிறது, அதனால் மதிலை நெருங்க நெருங்க அவர் அதன் மறைவுக்குள் போய்விடுகிறார். இருக்கிற 6 அடிக்கு மேல் 2 அடி தட்டி எழுப்பினால் வேலை முடிந்தது.

ஆகவே பாத்தியையும் பாதையையும் இடம் மாற்றுங்கள். பாதை மதிலோரத்துக்கு, பாத்தி நடுவுக்கு. காய்கறிக்கும் அது நல்லது, இப்போது கிடைப்பதைவிட அதிக நேரம் வெயில் கிடைக்கும். பாதை சமமாக, மழையில் வழுக்காத சொரசொரப்புக் கல்லாக இருக்கட்டும். தட்டியைத் தாங்கும் கால்களிலேயே இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடிக் குழாய் ஓட்டிவிடுங்கள். அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அந்தக் குழாய்தான்.

பின்வாசல் நாற்காலி வேறு கதை. அங்கே உட்காருபவரை மதிலில் மறைக்க 12 அடிக்கு மேல் வேண்டும். மறைப்பை உங்கள் பக்கத்தில் கொண்டுவந்தால் உயரம் தானாகக் குறையும். நாற்காலிக்கு 6 அடி முன்னால் 6 அடி உயரச் செடி வரிசை இருந்தாலே பால்கனி தெரியாது. செம்பருத்தியோ நந்தியாவட்டையோ நெருக்கமாக வையுங்கள். கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்கட்டும். மேலே அகலவிட்டால் கீழ்க் கிளைக்கு வெளிச்சம் போகாது, அடி மொட்டையாகி, மறைய வேண்டிய உயரத்திலேயே ஓட்டை விழும். அரளி அடர்த்தியாக வரும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம், குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் தவிர்த்துவிடுங்கள்.

செலவு செய்யும் முன் ஒருநாள் அம்மாவை அந்த இடத்தில் நிற்கச் சொல்லி, மதிலோரம் ஒருவர் நீளக் கழியில் துணி கட்டிப் பிடிக்கட்டும். அம்மாவின் கண்ணுக்குப் பால்கனிக் கம்பி மறையும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதோடு முக்கால் அடி சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கைவிட அது நம்பகமானது.

இழைப்புளி:

வேம்படி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தட்டி செய்யும் விதம் பற்றி மட்டும் சொல்கிறேன், நான் மர வேலை செய்பவன். மதில்மேல் ஆணி அடித்து நிறுத்த வேண்டாம். உங்கள் நிலத்துக்குள் தனிக் கால்கள் நடுங்கள். வெளியே 8 அடி என்றால் மண்ணுக்குள் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. மரக்கால் மண்மட்டத்தில்தான் முதலில் உளுத்துப்போகும், ஆகவே துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் நல்லது.

மேலே வரும் 2 அடியை மூடிய பலகையாக அடித்தால் காற்று முழுவதையும் அது தாங்க வேண்டிவரும். அதைத் தாண்டும் காற்றும் உள்பக்கம் சுழன்று இறங்கும். சட்டங்களை இடைவெளி விட்டு, சாய்வாக வையுங்கள்: வெளி விளிம்பு தாழ்ந்தும் உள் விளிம்பு உயர்ந்தும் இருக்கட்டும். மேலிருந்து வரும் பார்வை சட்டத்தில் முட்டி நிற்கும், காற்று இடுக்கில் போய்விடும். அகலம் முழுக்கப் போடுங்கள். பாதியில் நிறுத்தினால் பால்கனி ஓரத்திலிருந்து சாய்வாகத் தெரியும். மதில், தட்டி உயரத்துக்கு உங்கள் ஊர் நிர்வாகத்தில் வரம்பு இருக்கிறதா என்றும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஓடைக்கரை:

மூங்கில் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் இரண்டு வகை. ஒன்று கொத்தாக, இருந்த இடத்திலேயே பெருக்கும். இன்னொன்று மண்ணுக்கடியில் கிழங்குபோல ஓடி, தூரத்தில் போய்த் தளிர்விடும். இரண்டாவது வகை எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து மதிலுக்கு அடியில் நுழைந்து என் பாத்தியில் முளைத்தது. அதை வெட்டி வெட்டி நாங்கள் இரு வீட்டாரும் களைத்துப்போனோம். நட்டே ஆக வேண்டும் என்றால் கொத்து வகைதானா என்று நர்சரியில் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஓடும் வகையைச் சுற்றி இரண்டடிக்கு மேல் ஆழமாகத் தடித்த பிளாஸ்டிக் தகடு இறக்க வேண்டும், தகட்டின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். 3 அடி பாதையோரத்துக்கு எந்த மூங்கிலும் அதிகம் என்பது என் எண்ணம்.

மல்லிப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. இன்று கழி பிடித்துப் பார்த்தோம். மதிலிலிருந்து 3 அடியில் நின்றபோது, கழி 7 அடியைத் தாண்டியதும் பால்கனிக் கம்பி மறைந்துவிட்டது. முக்கால் அடி சேர்த்தாலும் 8 அடிக்குள் அடங்கிவிடுகிறது. கைப்பிடிக் குழாயைப் பற்றிச் சொன்னதும் அம்மாவே எழுந்து வந்து எந்த உயரத்தில் வேண்டும் என்று காட்டினார். தட்டியில் முல்லைக் கொடி ஏற்றப்போவதைப் பால்கனி வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவரும் இதை எதிர்பார்த்திருந்தார் போல, கொடி அவர் பக்கம் பூத்தாலும் சந்தோஷம் என்றார். மூங்கிலைக் கைவிட்டுவிட்டோம், முல்லைதான்.

ஒரு சந்தேகம். மாலை நடை இருட்டிய பின்னும் நீளும். அப்போது விளக்கு போட்டால் அம்மா இன்னும் பளிச்சென்று தெரிவாரோ?

வேம்படி:

உயரத்தில் விளக்கு மாட்டினால் தெரிவார். கணுக்கால் அளவில், மேலே மூடி போட்ட சிறு விளக்குகளாகப் பாதையின் மதில் பக்கம் வையுங்கள். ஒளி கல்லில் மட்டும் விழட்டும், முகம் இருட்டிலேயே இருக்கும். அம்மாவுக்குக் கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதனால் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருட்டுத் திட்டு விழாத நெருக்கத்தில் இருக்கட்டும். பின்வாசல் விளக்கை அந்த நேரம் அணைத்துவிடுங்கள். முல்லைக் கொடி தட்டியை மூட இரண்டு பருவமாவது ஆகும், சாய்ந்த சட்டங்கள் அதுவரை தாங்கும்.