மத்தீஸின் ‘ஜானெத்’ தலைகள்: ஐந்தாவதையும் உருவச்சிற்பம் என்று கொள்ளலாமா?

கேள்வி:

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில், பிரெஞ்சு ஓவியரும் சிற்பியுமான ஹென்றி மத்தீஸ் செய்த ‘ஜானெத்’ வரிசையின் ஐந்து வெண்கலத் தலைகளும் இருக்கின்றன. 1910இல் செய்த முதல் தலை, அவருக்கு மாடலாக அமர்ந்த ஜான் வாதரென் என்ற பெண்ணின் சாயலைத் தெளிவாகவே காட்டுகிறது. ஐந்தாவதில் தலைமுடி ஏறக்குறைய முழுவதும் நீங்கி, நெற்றியும் மூக்கும் ஒரே திரட்சியாக எழும்பி, ஒரு கண்ணும் மழுங்கிப் போயிருக்கிறது. யாரென்றே அடையாளம் காண முடியாத இந்தத் தலையை அந்தப் பெண்ணின் உருவச்சிற்பம் (குறிப்பிட்ட ஒருவரைக் காட்டும் சிற்பம்) என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்? படித்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1:

இவை செய்யப்பட்ட முறையில்தான் விடை இருக்கிறது என்று கருதுகிறேன். முதல் இரண்டு தலைகளை மட்டுமே மத்தீஸ் மாடலை நேரில் பார்த்துச் செய்தார். அடுத்த மூன்றுக்கும் அவருக்கு எதிரே இருந்தவை, தாம் முன்பே செய்த தலைகள்தாம். களிமண்ணில் உருவான தலையைப் பிளாஸ்டரில் வார்த்துக்கொண்டால், பழைய நிலை அழியாமல் இருக்கும். வார்ப்பின்மீது துணிந்து செதுக்கலாம், புதிதாக அப்பலாம், பிடிக்காவிட்டால் முந்தைய நிலைக்கே திரும்பலாம். ஐந்தாவது தலை நான்காவதிலிருந்து வளர்ந்ததன்று என்பதைக் கவனியுங்கள். அலையலையாக முடி திரண்ட நான்காவதை விட்டுவிட்டு, மூன்றாவதன் வார்ப்புக்குத் திரும்பி, அதை வெட்டிக் குறைத்தே அவர் ஐந்தாவதைச் செய்தார். ஆகவே 1910இல் கண்ணால் கண்ட முகம் அங்கே கைவிடப்படவில்லை. எதை நீக்கினாலும் அந்தத் தலை நிற்கும் என்பது படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது. தனியாகப் பார்த்தால் ஐந்தாவது யாரோ ஒருவரின் தலைதான். முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்துவிட்டு வருபவருக்கு, முன்தள்ளிய அந்த மூக்கும் கண்குழியின் ஆழமும் ஏற்கெனவே அறிமுகமானவையாக இருக்கும்.

மறுமொழி 2:

முறையைப் பற்றிச் சொன்னது சரி. முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அதே அருங்காட்சியகத்தில் பிக்காசோ 1909இல் செய்த பெண் தலை ஒன்று இருக்கிறது. அவருடன் வாழ்ந்த பெர்னாந்து ஒலிவியேயை வைத்துச் செய்யப்பட்ட அதில், முகப்பரப்பு முழுவதும் கூர்மையான பட்டைகளாக உடைந்திருந்தாலும், முடியின் கட்டும் கழுத்தின் திருப்பமும் ஒரு பெண்ணின் இருப்பை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ‘ஜானெத்’ ஐந்தில் அந்தப் பிடிப்பு இல்லை. அங்கே மத்தீஸின் அக்கறை, தலையின் திரட்சிகள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைப் பற்றியது. வாதரென் என்ற மனுஷியைப் பற்றியது அன்று. அதை உயர்ந்த சிற்பம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். உருவச்சிற்பம் என்று சொல்ல மாட்டேன்.

மறுமொழி 3:

இருவரும் தொடாத ஒன்று காலம். முதல் நான்கு தலைகள் 1910, 1911 ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. ஐந்தாவதை நெடுங்காலம் 1913 என்று குறித்துவந்தார்கள். நவீனக் கலை அருங்காட்சியகம் இப்போது அதை 1916 என்றே குறிக்கிறது. இடையில் உலகப் போர் தொடங்கிவிட்டது. மத்தீஸின் ஓவியங்களும் நிறம் ஒடுங்கி, கறுப்பும் சாம்பலும் மிகுந்து, வடிவங்கள் இறுகிய காலம் அது. மாடல் எழுந்துபோய் ஆண்டுகள் கழிந்தபின், ஸ்டுடியோவில் இருந்த பிளாஸ்டர் தலையோடு அவர் தனியே உழைத்திருக்கிறார். ‘முதுகு’ என்ற பெரிய புடைப்புச் சிற்பங்களையும் இதே வழியில்தான், 1908 முதல் ஏறத்தாழ 1931 வரை, ஒன்றின் வார்ப்பிலிருந்து மற்றொன்றாக வளர்த்தார். எனவே ஐந்தாவது தலையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, இது உருவச்சிற்பமா என்று வழக்காடுவதில் பயன் குறைவு. ஐந்தும் சேர்ந்த வரிசைதான் ஜான் வாதரெனின் உருவச்சிற்பம் என்பது என் கருத்து. நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தால் முன்புறத்தோடு நின்றுவிடாமல் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். நெற்றியிலிருந்து மூக்கு இறங்கும் கோடு தலைக்குத் தலை எப்படி மாறுகிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.