தம்பலகாமக் குடாச் சேற்றில் கிடைத்த பற்றீரியா புது இனமா?

நிலாவெளி நிலா:
அண்ணாமார், அக்காமார், ஒரு சந்தேகம். இறுதி வருட ஆய்வுக்காகத் தம்பலகாமக் குடாவில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேறு அள்ளினேன் (கால் நிறைய மட்டி ஓட்டுக் கீறல், அது வேறு கதை). மரைன் ஏகரில் (கடல் பற்றீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) ஐந்தாம் நாள் செம்மஞ்சளாக ஒரு கொலனி. பற்றீரியாவை அடையாளம் காண வாசிக்கும் 16எஸ் மரபணுவின் வரிசையைத் தரவுத்தளத்தில் போட்டால் மிக நெருங்கிய இனத்தோடேயே 97.9% தான் ஒத்துப்போகிறது. சேர் அவசரப்படாதே என்கிறார், ஆனால் வகுப்பில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். திருகோணமலை பெயரை வைக்கலாமா?

ஏகர் அண்ணா:
தங்கச்சி, வரிசை எத்தனை எழுத்து? ஒரு பக்கம் மட்டும் வாசித்த 700 எழுத்தென்றால் அந்த 97.9ஐ நம்பாதே, முழு மரபணு ஏறத்தாழ 1500 எழுத்து. முழுதும் வாசித்து 98.7க்குக் கீழே நின்றால் புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு. மேலே போனாலும் கதை முடியாது, 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தும் வேறு வேறு இனமானவை உண்டு. தீர்ப்புச் சொல்வது முழு மரபணுத்தொகுதிதான், அதாவது பற்றீரியாவின் மொத்த டிஎன்ஏ: நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டால் சராசரி நியூக்கிளியோடைட் ஒற்றுமை 95–96%க்குக் கீழே வரவேண்டும். அதற்கெல்லாம் முன்னால், வளர்ப்பு சுத்தமா? ஒரு தனிக் கொலனியைத் தொட்டுப் புதுத் தட்டில் கோடிழுத்து வளர்ப்பதை, குறைந்தது மூன்று தடவையாவது திரும்பச் செய்து பார்த்தாயா?

உப்புவெளி:
செம்மஞ்சள் என்றால் 20% பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு சொட்டு விட்டுப் பார், சிவப்பு அல்லது கபிலமாக மாறினால் பிளெக்சிருபின், சில பற்றீரியாக் குழுக்களை அடையாளம் காட்டும் நிறமி. காசில்லாத சோதனை. காசு போவது கலத்தின் கொழுப்பமிலங்களை ஒப்பிடுவதில்தான், ஏனென்றால் நெருங்கிய இனத்தின் மாதிரி வளர்ப்பையும் (அந்த இனப் பெயருக்கு ஆதாரமாகச் சேமித்து வைத்த வளர்ப்பு) வரவழைத்து, அதே ஊடகம், அதே வெப்பநிலையில் பக்கத்தில் வைத்து வளர்க்கவேண்டும். வேறொருவரின் கட்டுரையிலிருந்து எண்களை எடுத்துப் போட்டால் மதிப்பாய்வாளர் விடமாட்டார்.

கொட்டியாரத்தான்:
பெயர் கடைசி வேலை. முதலில் வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் வைக்கவேண்டும், யார் கேட்டாலும் கொடுக்கும்படி. இல்லாவிட்டால் பெயர் செல்லாது. வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன அனுமதி வேண்டும் என்று இப்போதே கேட்டு வை, அதில்தான் மாதக்கணக்காக இழுபடும். அப்புறம் இலத்தீன்: பேரினப் பெயர் ‘பக்டர்’ என்று முடிந்தால் ‘ட்ரிங்கோமலியென்சிஸ்’, ‘பக்டீரியம்’ என்று முடிந்தால் ‘ட்ரிங்கோமலியென்சே’.

நிலாவெளி நிலா:
690 எழுத்துத்தான். கோடிழுத்ததும் ஒரே தடவை. இப்போது தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் செம்மஞ்சளின் ஓரத்தில் பால் நிறமாய் வேறொன்று படர்ந்திருக்கிறது. சரி, நாளைக் காலை முதலிலிருந்து.